ஒரு சொட்டும் குறையவில்லை!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் திருமலை அப்போதுதான் டீ டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போயிருந்தார். ஓசூரில் ஒரு போலீஸ்காரன் டீயைச் சூடாகக் குடித்து முடித்ததாகச் சரித்திரமே இல்லை!

"ஹலோ... திருமலை!"

"சார்... நான் டாக்டர் வினிதா. எங்க ரிசர்ச் சென்டர்ல திருட்டு நடந்திருக்கு சார்!"

"என்ன காணாம போச்சு?"

"ஒண்ணும் காணாம போகல."

"பூட்டை உடைச்சிருக்காங்களா?"

"இல்ல சார். பூட்டு பூட்டுன மாதிரியே இருக்கு."

"யாரையாவது அடிச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல..."

திருமலைக்குச் சுர்ரென்று ஏறியது.

"மேடம்... காலங்காத்தால விளையாடறீங்களா?"

எதிர்முனையில் விசும்பல்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதைக் கண்டுபிடிக்கலன்னா எல்லாத்தையும் மூடிடுவாங்க. மருந்து நின்னுடும் சார். உங்க தம்பிக்கும்தான்!"

டீ டம்ளர் மேசையில் தொம்மென்று இறங்கியது.

தம்பி... மாதேஸ்வரன்!

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கல்யாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது ஆரம்பித்தது. முதலில் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு. அப்புறம் நாக்கு குழறியது.

மோட்டார் நியூரான் நோய்!

மூளையின் உத்தரவைத் தசைகளுக்குக் கொண்டு போகிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். புத்தி மட்டும் பளிச்சென்று இருக்கும். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. திருமலை ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எல்லா டாக்டரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியாகக் கிடைத்தது இந்த ரிசர்ச் சென்டர். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு சிரப்பைச் சோதித்துப் பார்க்கிறார்கள். குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. நோயின் வேகம் குறையலாம்... அவ்வளவுதான். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குடும்பமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"யுவஸ்ரீ! ஜீப்பை எடு!"

*

சப்-இன்ஸ்பெக்டர் யுவஸ்ரீக்கு வாய் நீளம். மேலதிகாரி முன்னாலும் அது சுருங்காது.

"சார், எதுவுமே திருடாத திருடனைப் பிடிச்சா, எதை ரெக்கவரி பண்றது?"

"வாயை மூடிட்டு வா!"

டாக்டர் வினிதாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"இந்த சோதனையில பதினாலு பேர் இருக்காங்க சார். பாதிப் பேருக்கு நிஜ மருந்து. பாதிப் பேருக்கு டம்மி."

"டம்மின்னா?"

"அதே கலர்... அதே கசப்பு. உள்ள மருந்து மட்டும் இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. பெங்களூர்ல ரிசல்ட்டைப் பாக்கற குழுவுக்கு மட்டும்தான் தெரியும்."

திருமலையின் காதுமடல் சூடானது.

"அப்படின்னா என் தம்பிக்கு வெறும் கலர் தண்ணியை ஊத்திட்டிருக்கீங்களா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மருந்து குடிச்சவங்களையும் குடிக்காதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே அது வேலை செய்யுதான்னு தெரியும்? ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம்."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க ஒரு நாள்கூட வரலியே சார்!"

சப்பென்று அறைந்த மாதிரி இருந்தது. நிஜம்தான். தம்பியைக் கூட்டி வருவதெல்லாம் அவர் மனைவி ராஜாத்திதான். திருமலைக்கு எப்போதும் ஒரு பந்தோபஸ்து... எப்போதும் ஒரு ஆக்ஸிடெண்ட்!

"சரி... இப்ப என்ன பிரச்சினை?"

"டம்மி குடிக்கறவங்க ரத்தத்திலயும் மருந்து இருக்கு சார்! பதினாலு பேர் ரத்தத்திலயும் இருக்கு! இன்னைக்கு பாட்டிலைக் குடுத்து முடிச்சதும்தான் பெங்களூர்லருந்து போன் வந்துச்சு. எங்க ஸ்டோர்லயே யாரோ கலப்படம் பண்றாங்கன்னு சொல்றாங்க. ஆளைக் கண்டுபிடிக்கலன்னா சென்டரையே இழுத்து மூடிடுவாங்க."

"ஸ்டோர் சாவி யார்கிட்ட?"

"பிரேம்குமார்னு ஒருத்தர். அவரைத் தவிர யாரும் உள்ள போறதில்ல. கேமராவுலயும் பாத்துட்டேன்."

"கூப்பிடுங்க அவனை!"

"வயித்து வலின்னு சொல்லிட்டு இப்பதான் கிளம்பினார்... போன் ஸ்விட்ச் ஆஃப்!"

யுவஸ்ரீ விசில் அடிக்காத குறை.

வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"சார்... பிரேம்குமார் பைக்ல போனாரு. பின்னால ஒரு ஐஸ் பெட்டி கட்டியிருந்துச்சு. பார்டர் பக்கமா போனாரு சார்!"

*

ஐஸ் பெட்டி! பார்டர்!

திருமலைக்கு எல்லாம் புரிந்துபோன மாதிரி இருந்தது. நிஜ மருந்தைக் கர்நாடகாவில் எவனோ பெரிய மனிதனுக்கு விற்கிறான். பாட்டிலில் எதையோ ஊற்றிச் சரிக்கட்டுகிறான். என் தம்பி வாயில் விழ வேண்டிய மருந்து!

"மிதி யுவஸ்ரீ!"

"முன்னாடி லாரி நிக்குது சார்."

"ஹாரன் அடி!"

"லாரிக்கு முன்னாடி பதினெட்டு லாரி நிக்குது சார்."

ஓசூரில் துரத்துவது என்றால் இதுதான்! ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே நசுங்கி, பாலத்தடியில் நெளிந்து, ஜூஜூவாடி தாண்டும்போது திருமலை பாதி உடம்பை ஜீப்புக்கு வெளியே நீட்டியிருந்தார்.

"சார்... அதோ! ஐஸ் பெட்டி!"

பைக் பார்டரைக் கடந்தது. ஜீப்பும் கடந்தது. அத்திப்பள்ளியில் பைக்கைக் குறுக்கே மறித்து நிறுத்துவதற்குள்... எங்கிருந்தோ ஒரு லத்தி ஜீப்பின் பானெட்டைத் தட்டியது. கர்நாடகா ஹெட் கான்ஸ்டபிள் திம்மப்பன்.

"ஏனு சார்... சொல்லாம கொள்ளாம நம்ம லிமிட்டுக்கு வந்துட்டீங்க? இங்க நீங்க யாரையும் தொட முடியாது."

"திம்மப்பண்ணா... அந்தப் பெட்டியை மட்டும் திறந்து காட்டச் சொல்லுங்க. போதும்!"

திம்மப்பன் பிரேம்குமாரைப் பார்த்தார். பிரேம்குமாருக்கு வேர்த்து ஊற்றியது. மூடியைத் திறந்தான்.

உள்ளே...

வஞ்சிரம் மீன்!

"எ... எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு சார். பொண்ணு வீடு ஆனேக்கல்ல. மாமனாருக்கு வஞ்சிரம்னா உயிரு. லீவு கேட்டா டாக்டர் தர மாட்டாங்க. அதான் வயித்து வலின்னு..."

"போனை ஏன்டா அணைச்சே?"

"டாக்டர் கூப்பிட்டு, இப்ப வலி எப்படியிருக்குன்னு கேப்பாங்க சார்."

திருமலை ஜீப்பின் டயரை ஓங்கி உதைத்தார். வலித்தது கால்தான். பாதி நாள் போச்சு! கையில் கிடைத்தது ஒரு மாப்பிள்ளையும் ஒரு மீனும்!

"பிரேம்குமார்..." யுவஸ்ரீ மெதுவாகக் கேட்டாள். "உங்க ஸ்டோர்ல கொஞ்ச நாளா ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா மாமனாருக்கு மீன் போகாது."

அவன் பெட்டியை மூடினான்.

"ஒண்ணு இருக்கு மேடம். காலி பாட்டிலை எல்லாரும் திருப்பிக் கொண்டு வந்து குடுக்கணும். பாட்டில்லயும் நம்பர் ஒட்டியிருக்கும்... மூடியிலயும் ஒட்டியிருக்கும். ஆறு மாசமா மூடி மாறி மாறி வருது. ஒருத்தர் பாட்டில்ல இன்னொருத்தர் மூடி."

"இதை ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னைத்தானே சார் திட்டுவாங்க!"

திருமலை அப்படியே நின்றார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டில்தான் போகுது. மூடி எப்படி மாறும் யுவஸ்ரீ? எல்லாப் பாட்டிலையும் ஒரே இடத்துல வச்சுத் திறந்தாத்தான் மாறும்!"

"ஆனா ஆளுங்க ஆளுக்கொரு மூலையில இருக்காங்களே சார். காவேரிப்பட்டினம்... தொரப்பள்ளி... போச்சம்பள்ளி... எங்க ஒண்ணு சேருவாங்க?"

"வேன்ல சேருவாங்க மேடம்!" என்றான் பிரேம்குமார். "டீசல் மிச்சம் பண்றதுக்காக எல்லாரையும் ஒரே வேன்ல கூட்டிட்டு வந்து, ஒரே வேன்ல கொண்டு போய் விடறோம். டிரைவர் கோவிந்தப்பன்!"

டிரைவர்!

"வேன் எப்ப கிளம்பும்?"

"செக்கப் முடிஞ்சு... இந்நேரம் கிளம்பியிருக்கும் சார்!"

*

சூளகிரி தாண்டி, ஹைவேயிலிருந்து பிரிகிற மண் பாதையில் வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. புளியமரத்தடி. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். டிரைவர் சீட் காலி!

உள்ளே ராஜாத்தியும் தம்பியும் இருப்பார்களே! அந்தக் கோவிந்தப்பன் அவர்களை என்ன செய்து வைத்திருக்கிறானோ!

இருவரும் குனிந்து குனிந்து வேனை நெருங்கினார்கள். வேனுக்கு மறுபக்கம் பேச்சுக்குரல்.

"எல்லா மூடியும் கழட்டியாச்சா?"

"ஆச்சு."

"ஊத்து... பாத்து! ஒரு சொட்டு சிந்தக் கூடாது!"

பிடித்தாயிற்று! துப்பாக்கியை உருவிக்கொண்டு பாய்ந்தார் திருமலை.

"போலீஸ்! யாரும் அசையக் கூடாது!"

யுவஸ்ரீ அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"சார்... அங்க பாதிப் பேரால அசையவே முடியாது சார்."

மரத்தடியில் வட்டமாகச் சக்கர நாற்காலிகள். மடக்கு நாற்காலிகள். பக்கத்தில் புருஷன்மார், பெண்டாட்டிமார், அம்மாமார். ஓரமாக டிரைவர் கோவிந்தப்பன் ஒரு பெரியவருக்குத் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். வட்டத்துக்கு நடுவே ஒரு எவர்சில்வர் அண்டா. அதைச் சுற்றிப் பதினாலு பாட்டில்கள்... பதினாலு மூடிகள்.

அண்டாவில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

திருமலையின் கை துப்பாக்கியோடு தொங்கிப் போனது.

"ராஜாத்தி...!"

"ஏங்க... நீங்களா! சாப்டீங்களா?"

"நீயா... நீயாடி இதையெல்லாம் பண்றே?"

"என்னத்தைப் பண்ணிட்டேன்?"

காவேரிப்பட்டினம் வீரலட்சுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் புருஷன் பக்கத்து நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தான்.

"சார்... அவங்களைத் திட்டாதீங்க. நாந்தான் சொன்னேன். எங்கூர்ல ஏரித் தண்ணி கொறைஞ்சு போச்சுன்னா மொறை வச்சு ஆளுக்குக் கொஞ்சம் உடுவோம். ஒருத்தன் வயலுக்கு மட்டும் மடையைத் தொறந்துக்கினா ஊரு சும்மா உடுமா? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணின்னு டாக்டரம்மா சொன்னாங்க. எது யாருதுன்னு யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திக் கலந்துக்கினா? எல்லாருக்கும் பாதி மருந்து கெடைக்குமா கெடைக்காதா?"

திருமலை துப்பாக்கியை உறையில் செருகினார்.

"எந்த செக்‌ஷன்ல சார் புக் பண்றது?" யுவஸ்ரீ நோட்டும் கையுமாக நின்றாள். "அவங்க மருந்து. அவங்களே குடிக்கறாங்க."

"அண்...ணா..."

மாதேஸ்வரன். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தான்.

"அண்ணியைத்... திட்...டாத. இங்க... எல்லாரும்... நல்...லவங்க."

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தம்பி சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! வீட்டில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைத்தான் திருமலை பார்த்திருக்கிறார். இந்த மரத்தடியில் இவனுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை. திருமலைக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏன்டி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்ப சொல்றது? வீட்டுக்கு வந்தா போன்ல கத்துவீங்க. போனை வச்சா குறட்டை விடுவீங்க!"

யுவஸ்ரீ சட்டென்று ஆகாயத்தைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சமமாத்தானே ஊத்துனே?" என்றார் திருமலை.

"சாமி சத்தியமா! என் கையாலதான் அளந்து ஊத்தறேன். ஒரு சொட்டு கூடவும் இல்ல... ஒரு சொட்டு குறையவும் இல்ல!"

திருமலை தலையைப் பிடித்துக்கொண்டார்.

இதை மறைத்தால், பழி ஸ்டோர் மேல் விழும். சென்டரை மூடுவார்கள். தம்பிக்கு மருந்து கிடையாது. வெளியே சொன்னால், குற்றவாளி சொந்தப் பெண்டாட்டி!

"ஜீப்ல ஏறு ராஜாத்தி."

"நானும் வரேன்!" என்று முந்தானையை உதறிக்கொண்டு வீரலட்சுமியும் ஏறினாள்.

*

"கலந்தீங்களா?!"

டாக்டர் வினிதாவின் அலறலில் ரிசர்ச் சென்டரே அதிர்ந்தது.

"ரெண்டு வருஷ உழைப்பு! ராத்திரி பகலா உக்காந்து... எல்லாத்தையும் ஒரு அண்டாவுல கலக்கிட்டீங்களே! பத்து வருஷம் கழிச்சு இதே நோயோட ஒருத்தன் வந்து நிப்பான். மருந்து இருக்கான்னு கேப்பான். அவனுக்கு நான் என்னம்மா பதில் சொல்லுவேன்?"

ராஜாத்தி அசரவில்லை.

"பத்து வருஷம் கழிச்சு வர்றவனுக்கு நீங்க பதில் சொல்லுங்க டாக்டர். வேன்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிறவளுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

டாக்டர் மேசையில் தலை கவிழ்ந்து விசும்பத் தொடங்கினாள்.

"அழாதீங்க மேடம்," என்றார் திருமலை. "ஸ்டோர்ல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? போனைப் போடுங்க. நானே சொல்றேன்... பண்ணது என் சம்சாரம்னு."

பெங்களூர்க் குரல் ஸ்பீக்கரில் வந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது.

"ஸ்டோர் மேல தப்பு இல்லன்னு ஒத்துக்கறோம். ஆனா எல்லாரும் ஒரே அளவுதான் குடிச்சிருக்காங்கன்னா, யாரை யாரோட ஒப்பிடறது? இந்த சோதனை செத்துப்போச்சு டாக்டர். மூடிடுங்க."

திருமலைக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா அநியாயம் இது! மறைச்சாலும் மூடுவீங்க... சொன்னாலும் மூடுவீங்க! பெண்டாட்டியைக் காட்டிக் குடுத்துட்டு நிக்கறேன்யா நான்! என் தம்பிக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?"

ஸ்பீக்கரில் கீ போர்டு தட்டும் சத்தம் மட்டும்.

"ஒரு நிமிஷம்..."

"என்ன?" டாக்டர் தலையைத் தூக்கினாள்.

"ரத்தத்துல மருந்து இருக்கான்னு மட்டும்தான் முதல்ல பாத்தோம். எவ்வளவு இருக்குன்னு இப்பதான் பாக்கறேன். பதிமூணு பேருக்கு கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனா ஒருத்தருக்கு மட்டும்... ரெண்டு மடங்கு!"

"ரெண்டு மடங்கா?"

"அது மட்டும் இல்ல. மத்தவங்களுக்கு மாசா மாசம் கைப்பிடி பலம் இறங்கிட்டே வருது. இவருக்கு ஆறு மாசமா இறங்கவே இல்ல. அப்படியே நிக்குது!"

டாக்டர் வினிதா எழுந்தே விட்டாள்.

"ஒரே ஒரு ஆளை வச்சு மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லிட முடியாது சார். தற்செயலாகூட இருக்கலாம்."

"சொல்ல முடியாதுதான். ஆனா இதைப் பாத்துட்டு மூடவும் முடியாதே! புதுசா ஆரம்பிக்கலாம் டாக்டர். இந்தத் தடவை டம்மியே வேண்டாம். எல்லாருக்கும் நிஜ மருந்து. சில பேருக்குச் சின்ன அளவு, சில பேருக்குப் பெரிய அளவு. அனுமதிக்கு நான் பேசறேன். ஒரே ஒரு கண்டிஷன்... வேன் கூடாது. ஆளுக்கொரு ஆட்டோ வச்சு அனுப்புங்க!"

திருமலையின் கண்ணில் நீர் முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்து நிற்காது... தம்பிக்கு மருந்து நிற்காது!

"சார்... யார் அந்த ஒருத்தர்?" டாக்டர் கேட்டாள்.

"நாலாம் நம்பர். பேர்... மாதேஸ்வரன்."

வீரலட்சுமி மெல்ல... மிக மெல்ல... ராஜாத்தி பக்கம் திரும்பினாள்.

"அடிப்பாவி! சாமி மேல சத்தியம் பண்ணினியேடி!"

ராஜாத்தி மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். புருஷனை மட்டும் பார்க்கவில்லை.

"அது... மாதுவுக்கு ஊத்தறப்ப மட்டும் கரண்டி கொஞ்சம் ஆழமா போயிருக்கும்... அடியிலதானே மருந்து கெட்டியா நிக்கும்..."

"ஆறு மாசமாவா?!"

சிரிப்பதா, அழுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் திருமலை நின்றார். யுவஸ்ரீ நோட்டை மூடி, பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வீரலட்சுமியின் தோளைத் தட்டினாள்.

"விடுங்கக்கா! போலீஸ்காரர் பொண்டாட்டி கையில கரண்டியைக் குடுத்துட்டு... மாமூல் எடுக்காம ஊத்துவாங்கன்னு எப்படி நம்புனீங்க?"